நிகண்டு வழியில் ஆங்கிலச் சொல் சேர்த்தல்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் சமணரும் தமிழும் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு மலர்களில் அதை எழுதியாகிவிட்டது. அதனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சங்க மாடியில் என்னைச் சுற்றி உட்காருகிற பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வியையே இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். "ஐயா, இங்கிலீஷ் படிச்சா புரியுது, வாயைத் திறந்தா வரமாட்டேங்குது. என்ன பண்ணணும்?"

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, 1979ல் பம்பாய்க்கு ரயிலேறி, ஜவுளிக் கடையில் மூட்டை பிரிக்கிற வேலையில் சேர்ந்தவன். ஆங்கிலம் கற்றது 27 வயதுக்குமேல்தான். அதுவும் ஆசைப்பட்டு இல்லை, அடிபட்டு.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1987 ஜூலை. அப்போதுதான் சொந்தமாகச் சிறு அளவில் மொத்த வியாபாரம் ஆரம்பித்திருந்தேன். ஈரோட்டிலிருந்து துண்டும் லுங்கியுமாக 14 பேல் லாரியில் வந்தது. பம்பாய் மழை உங்களுக்குத் தெரியும். சாக்கு நனைந்திருந்தது. கேட்டால், "மழைக்காலம், வெளியே ஈரம் இருக்கத்தான் செய்யும், கையெழுத்துப் போடுங்க" என்று லாரி ஆபீஸ் குமாஸ்தா ரசீதை நீட்டினார். அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சாகியிருந்தது: சரக்கு ‘சவுண்ட் கண்டிஷனில்’ பெற்றுக்கொள்ளப்பட்டது என்று. கண்டிஷன் தெரியும். சவுண்ட் என்றால் சத்தம், அதுவும் தெரியும். சத்தத்துக்கும் துண்டு மூட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நொடி தோன்றியது. கேட்டால் இவனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று வெளியாகிவிடுமே! போட்டேன் கையெழுத்து. மறுநாள் பிரித்தால் 9 பேல் உள்ளே வரை நனைந்து கறை ஏறியிருந்தது. இன்ஷூரன்ஸுக்கு எழுதினேன். பழுதில்லாத நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று நானே எழுதிக்கொடுத்த காகிதத்தின் நகலை வைத்து, கிளெய்ம் கிடையாது என்று பதில் வந்தது. 41,000 ரூபாய். அன்றைக்கு அது என் முதலில் பாதி.

பணத்தைவிட இன்னொன்று உறுத்தியது. என் தாத்தா திண்ணையில் உட்காரவைத்து எனக்குச் சூடாமணி நிகண்டு சொல்லிக்கொடுத்தவர். அதில் பதினோராம் தொகுதி முழுக்க ‘ஒருசொல் பல்பொருள்’. அதை ஒப்பித்த பிள்ளை, ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு என்பதை மறந்து ஏமாந்தான். சவுண்ட் என்ற சொல்லுக்கு ஒலி மட்டுமா பொருள்? பழுதில்லாதது, ஆழ்ந்த தூக்கம், கடலின் ஆழம் பார்த்தல், இரண்டு நிலங்களுக்கு நடுவே ஓடும் நீரிணை, எல்லாமே அதுதான். அன்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி முதல் பக்கத்தில் எழுதிய சொல் இது. அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

நிகண்டு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். அகர வரிசையில் அகராதி வருவதற்கு முன்னால் நம்மவர்கள் சொல்லைப் பொருள் வகைப்படி அடுக்கி, பாட்டாக்கி, மனப்பாடம் செய்தார்கள். திவாகரம், பிங்கலம், பிறகு சூடாமணி. சூடாமணியை இயற்றிய மண்டலபுருடர் சமணர், குணபத்திரரின் மாணவர். கிருஷ்ணதேவராயர் காலத்தை ஒட்டியவர் என்பது அறிஞர் பலர் கருத்து. முந்தைய நிகண்டுகள் நூற்பாவில் இருக்க, இவர் விருத்தத்தில் பாடினார், மனதில் நிற்கட்டும் என்று. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்று பத்துத் தொகுதி. பதினொன்றாவது ஒருசொல் பல்பொருள். பன்னிரண்டாவது தொகைப் பெயர்கள். பதினோராம் தொகுதியை எதுகை வரிசையில் அடுக்கியிருப்பார். இரண்டாம் எழுத்து ஒத்துப்போவதால் ஒரு சொல் அடுத்த சொல்லைக் கையைப் பிடித்து இழுத்து வரும். 1732ல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தபோதும் இந்த வகைகளை விடவில்லை: பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவு வைத்து, அகர வரிசையையும் சேர்த்துக்கொண்டார்.

ஆங்கிலத்திலும் நிகண்டு உண்டு. பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852ல் லண்டனில் வெளியிட்ட தெசாரஸ். சொற்களைக் கருத்து வகைப்படி ஆறு பெரும் பிரிவாக அடுக்கினார். தம் முன்னுரையில் நம் நாட்டு அமரகோசத்தையும் குறிப்பிட்டிருக்கிறார். இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. ஆஹா, நம்ம தாத்தா வழிதான் ராஜபாட்டை என்று ரோஜே புத்தகத்தை வாங்கி, ஒரு வகையை எடுத்து மொத்தமாக மனப்பாடம் பண்ண ஆரம்பித்தேன்.

படுதோல்வி. ஏன் என்பது பிற்பாடுதான் விளங்கியது. தாத்தா எனக்கு நிகண்டு சொல்லிக்கொடுத்தபோது எனக்குத் தமிழ் ஏற்கெனவே பேச வரும். தெரிந்த மொழியில் புதுச் சொல்லை அடுக்குவது வேறு; தெரியாத மொழியில் ஒத்த சொற்களை ஒன்றாகக் கொட்டிக்கொள்வது வேறு. ‘பாரோ’ என்றால் கடன் வாங்குவது, ‘லெண்ட்’ என்றால் கடன் கொடுப்பது. இரண்டையும் ஒரே நாளில் படித்தேன். ஆறு மாதம் ஆகியும் எது வாங்கல், எது கொடுக்கல் என்று குழம்பும். வியாபாரிக்கு இதைவிட ஆபத்தான குழப்பம் உண்டா? பழப் பெயர் எல்லாம் ஒரு நாள், நிறப் பெயர் எல்லாம் ஒரு நாள் என்று புதிதாகக் கற்பவருக்குக் கொடுத்தால் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது என்று மொழி கற்பித்தல் ஆய்வுகளும் 1990களில் காட்டின. ஆகவே என் தீர்ப்பு: எதிர்ச்சொல்லையும் இணைச்சொல்லையும் சேர்த்துப் படிக்காதீர்கள். ‘லெண்ட்’ முதலில் வரட்டும், நன்றாக நிலைக்கட்டும், ஒரு மாதம் கழித்து ‘பாரோ’ வரட்டும். நிகண்டு அடுக்கு இரண்டாம் வருஷத்துக்கு. முதல் வருஷத்துக்கு வேறு வழி.

அந்த முதல் வருஷ வழிக்கும் இந்திய மண்ணோடு தொடர்பு இருக்கிறது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்காளப் பிள்ளைகள் நாலைந்து வருஷம் ஆங்கிலம் படித்துவிட்டுப் பாதியில் நின்றுவிடுவதைப் பார்த்தார். நின்றபின் அவர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை. 1926ல் எழுதிய நூலில் அவர் எடுத்தாண்ட கருத்து எல்.ஐ.சி. பாலிசி வைத்திருக்கிற எவருக்கும் உடனே புரியும்: சரண்டர் வேல்யூ. பாலிசியைப் பாதியில் நிறுத்தினாலும் கட்டிய அளவுக்கு ஏதாவது திரும்பக் கிடைக்கணும் இல்லையா? படிப்பையும் அப்படி அமைக்கணும், எந்தக் கட்டத்தில் நின்றாலும் அதுவரை படித்தது பயன்படணும் என்றார். அதற்காக, அடிக்கடி வருகிற சொற்களை முதலில் கொடுத்து, அந்தச் சொற்களாலேயே எளிய வாசிப்புப் புத்தகங்கள் எழுதினார். 1953ல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் இருப்பவை ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்கள்.

இந்த 2000த்தின் வலிமை என்ன தெரியுமா? ஒரு சொல்லையும் அதன் கிளைகளையும் சேர்த்து ஒரு சொற்குடும்பம் என்று கணக்கு வைத்தால், அடிக்கடி வருகிற 2000 குடும்பங்களே பொதுவான ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை நிரப்பிவிடுகின்றன. பேச்சில் இன்னும் அதிகம். எங்கள் தொழிலிலும் இதே கதைதான். கடையில் ஆயிரம் ரகம் இருக்கும், தினமும் ஓடுவது கொஞ்சம்தான். நாவலும் செய்தித்தாளும் தடையில்லாமல் படிக்க 8000 முதல் 9000 குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் என்ற நியூஸிலாந்துப் பேராசிரியர் 2006ல் கணக்கிட்டார். அதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். நாளைக்கு 5 சொல் என்றால் வருஷத்துக்கு 1825. முதல் வருஷத்திலேயே அஸ்திவாரம் ஏறக்குறைய முடிந்துவிடும். நம் பிள்ளைகள் செய்கிற தப்பு, அந்த அஸ்திவாரம் போடும் முன்பே போட்டித் தேர்வுப் புத்தகத்தில் வரும் பெரிய பெரிய சொற்களை உருப்போடுவது. போளூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பிக்கு அப்படி நானூறு பெரிய சொல் தெரியும். ‘கெட்’ என்ற சின்னச் சொல்லை வைத்து ஐந்து வாக்கியம் சொல்லத் தெரியவில்லை. இன்டர்வியூவில் கேட்ட தொழில்நுட்பக் கேள்விக்குப் பதில் தெரிந்தும், பேசாமல் இருந்துவிட்டு வந்தான். அவன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

சொல்லைத் தெரிந்துகொள்வது என்றால் என்ன? அர்த்தம் மட்டும் தெரிந்தால் போதாது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது தெரியணும். மழை பெய்கிறது, காற்று வீசுகிறது, வெயில் அடிக்கிறது, இடி இடிக்கிறது. மழை வீசுகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, அப்படித்தான். மும்பையில் பிறந்த என் பேத்தி, "தாத்தா, ஃபோட்டோ இழுங்க" என்பாள். ஹிந்தியில் இழுப்பார்கள், தமிழில் எடுப்போம், ஆங்கிலத்திலும் ‘டேக்’ என்று எடுக்கத்தான் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் கனமழை ‘ஹெவி’, ஆனால் கடுந்தேநீர் ‘ஸ்ட்ராங்’. மாற்றிப் போட்டால் புரியும், ஆனால் காதில் உறுத்தும். அதனால் சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். அதோடு சேரும் துணையையும் சேர்த்து எழுதுங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி இதற்காகவே, பிற மொழிக்காரருக்கென்று ஓர் அகராதி தொகுத்தார். 1942ல் டோக்கியோவில் வந்தது; 1948 முதல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் வெளியிட்டது. இன்றும் புதிய பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது. 1988ல் ஃபோர்ட் நடைபாதையில் அதன் பழைய பிரதி ஒன்று எனக்குக் கிடைத்தது, முன்னட்டை இல்லாமல். ஆங்கிலம்–தமிழ் அகராதி அர்த்தத்தைச் சொன்னது; இந்த அகராதிதான் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தது.

பிள்ளைகளை அழவைக்கிற இன்னொன்று, சின்ன வினையோடு சின்ன ஒட்டு சேர்ந்து புது அர்த்தம் தருவது. ‘கிவ்’ என்றால் கொடு. ‘கிவ் அப்’ என்றால் கைவிடு, ‘கிவ் இன்’ என்றால் விட்டுக்கொடு. "இது என்ன அநியாயம் ஐயா?" என்பார்கள். நம்ம மொழியைப் பாருங்க என்பேன். ‘கண்டுபிடி’ என்பதில் கண்டு இருக்கிறது, பிடி இருக்கிறது. எதையும் கையால் பிடிப்பதில்லை. ‘போட்டுக்கொடு’ என்றால் கோள் சொல்வது. ‘விட்டுக்கொடு’ என்பதில் விடுவதும் இருக்கு, கொடுப்பதும் இருக்கு, அர்த்தம் இரண்டிலும் இல்லை. இதையெல்லாம் நாம் யாரிடமும் பட்டியல் வாங்கிப் படிக்கவில்லை. முழுச் சொல்லாகக் கேட்டோம், முழுச் சொல்லாகச் சொன்னோம். ‘கிவ் அப்’பையும் அப்படியே ஒரே சொல்லாக நினைத்து ஒரே அட்டையில் எழுதணும்.

மாறாக, நீளமான சொற்களைப் பிரித்துப் பார்ப்பதில் லாபம் உண்டு. லத்தீனில் ‘போர்ட்’ என்ற வேருக்குச் சுமத்தல் என்று பொருள். உள்ளே சுமந்து வருவது இம்போர்ட், வெளியே சுமப்பது எக்ஸ்போர்ட், இடம் விட்டு இடம் சுமப்பது டிரான்ஸ்போர்ட், ஸ்டேஷனில் பெட்டி சுமப்பவர் போர்ட்டர், செய்தியைத் திரும்பச் சுமந்து வருவது ரிப்போர்ட். எனக்கு மிகப் பிடித்தது கிரெடிட். நம்புதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. நம்பிக்கைக்கு உரியது கிரெடிபிள், நம்ப முடியாதது இன்கிரெடிபிள். கடன் கொடுப்பது என்பதே நம்புவது என்று அந்தச் சொல் சொல்கிறது. டெபிட் என்பது கடன்பட்டிருத்தல். ‘டெட்’ என்ற சொல்லில் உச்சரிக்காமல் நடுவே நிற்கிற எழுத்து அந்த வேரை நினைவூட்டப் பிற்பாடு சேர்த்தது. வருஷக்கணக்காகப் பற்று வரவு எழுதினவன், இதை அறிந்த அன்றுதான் அந்த இரண்டு சொல்லையும் உண்மையில் பார்த்தேன்.

நினைவில் வைப்பது எப்படி? தாத்தா காலையில் ஒரு பாட்டுச் சொல்வார். சாயங்காலம் ஒப்பிக்கணும், மறுநாள் விடியலில் மறுபடி, அமாவாசைக்கு எல்லாம் சேர்த்து. 1885ல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து எழுதினார். படித்த உடனே மறதி வேகமாக இருக்கும், போகப்போகக் குறையும். ஆகவே முதல் சில நாள் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு ஒப்பிக்கணும். 1972ல் லைட்னர் என்பவர் இதை அட்டைப் பெட்டி முறையாக ஆக்கினார். நான் செய்ததும் கிட்டத்தட்ட அதுவே, அவர் பெயர் தெரியாமல். மடித்த சட்டைக்குள் வைக்கிற அட்டை கடையில் தினமும் குப்பைக்குப் போகும். அதை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு பக்கம் ஆங்கிலச் சொல்லும் வாக்கியமும், மறுபக்கம் தமிழும். மூன்று காலி ஊதுபத்திப் பெட்டி: முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது பத்து நாளுக்கு ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் பதவி உயர்வு. தப்பினால் முதல் பெட்டிக்குத் தண்டனை மாற்றம். ஒன்று முக்கியம்: அட்டையைப் பார்த்துக்கொண்டே இருப்பது படிப்பு ஆகாது. மறுபக்கம் மூடியிருக்க, மனதிலிருந்து இழுத்து எடுக்கணும். அதுதான் ஒப்பித்தல். இன்று ஃபோனிலேயே இதற்குச் செயலிகள் இருக்கின்றன, நல்லதுதான். ஆனால் அட்டை வாட்ஸ்அப் காட்டாது.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தை நம்பிக் கற்காதீர்கள். ‘பேட்’ என்று எழுதினால் அது கிரிக்கெட் மட்டையா, கெட்டதா, முதுகில் தட்டுவதா, எழுதுகிற அட்டையா? நான்கும் ஆங்கிலத்தில் நான்கு ஒலி. நம் எழுத்தில் வல்லினம் இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். தமிழுக்கு அது போதும், கச்சிதமும்கூட. ஆங்கிலத்துக்குப் போதாது. அடுத்தது அழுத்தம். நாம் எல்லா அசையையும் ஒரே மாதிரி சொல்கிறவர்கள். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை அமுங்கும். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை ஓங்கும், ஃபோட்டோகிராஃபர் என்பதில் இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக் என்பதில் மூன்றாவது. வெள்ளைக்காரன் போலப் பேசணும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆசையே வேண்டாம். அழுத்தம் தவறினால் எதிராளிக்குச் சொல்லே புரியாது, அதனால் சொல்கிறேன்.

இனி, பேச்சு ஓட்டம். இங்கே நம்மவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஹிந்தியை எப்படிக் கற்றீர்கள்? மூணு மாசத்தில் காய்கறிக்காரரிடம் பேரம், ஆறு மாசத்தில் ஆட்டோக்காரரிடம் சண்டை. எந்தப் புத்தகம் படித்தீர்கள்? ஒரே பேச்சைத் தினம் பத்துப் பேரிடம் பேசினோம். தப்பாகப் பேசினோம், அவர்கள் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். ஹிந்தியில் தப்பு செய்ய நமக்கு வெட்கமே இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் தப்பு செய்தால் மானம் போய்விடும் என்று நினைக்கிறோம். என் 41,000 ரூபாய் போனது ஆங்கிலம் தெரியாததால் இல்லை; தெரியாது என்று சொல்லத் துணியாததால்.

ஆகவே ஞாயிறு வகுப்பில் நாங்கள் செய்வது இது. ஒருவர் தனக்கு நன்றாகத் தெரிந்த கதையை, உதாரணமாக ஊரிலிருந்து மும்பை வந்த கதையை, எதிரே உட்கார்ந்தவரிடம் நாலு நிமிஷம் சொல்லணும். பிறகு இடம் மாறி, வேறொருவரிடம் அதே கதையை மூணு நிமிஷத்தில். பிறகு மூன்றாமவரிடம் ரெண்டு நிமிஷத்தில். கேட்கிறவர் திருத்தக் கூடாது. மொழி கற்பிப்பவர்கள் 1980களிலிருந்தே பயன்படுத்துகிற முறைதான். மூன்றாம் முறை வாக்கியங்கள் தாமாக ஓடுவதைச் சொல்கிறவரே கேட்டு ஆச்சரியப்படுவார். இங்கே புதுச் சொல் தேவையில்லை, தெரிந்த சொல்லின் வேகம்தான் தேவை. கிடங்கில் சரக்கு இருந்தால் போதாது, வாடிக்கையாளர் கேட்ட நொடியில் கை அதை எடுக்கணும்.

காதுக்குப் பழக்கம் வேறு. 1988ல் நான் காலையில் வானொலியில் தமிழ்ச் செய்தி கேட்டுவிட்டு, இரவு 9 மணிக்கு ஆங்கிலச் செய்தி கேட்பேன். விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் தெரியாத சொல்லும் ஊகத்தில் பிடிபடும். ஊரில் ஒலிபெருக்கியில் பாட்டு ஒலிக்கிற மாதிரி, புரியாத ஆங்கிலப் படத்தை வெறுமனே ஓடவிட்டுக் கொண்டிருப்பதில் பயன் குறைவு.

கடைசியாக, குடும்பத்தினர் படிக்கணும் என்று எழுதுகிற பகுதி. 1996ல் என் மூத்த பையன் பள்ளிக் கூட்டத்துக்கு வீட்டுக்காரி மட்டும் போனார். டீச்சர் ஆங்கிலத்தில் என்னமோ நிறையச் சொன்னார்களாம். வருகிற வழியில் கலர் பென்சில் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். "ஏங்க, பையன் டிராயிங்கில் பின்தங்கியிருக்கான் போல." டீச்சர் சொன்னது ‘வித்டிரான்’ என்று, டைரியில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளை யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கியே இருக்கிறான் என்று அர்த்தம். வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றும் எழுதியிருந்தார்கள். பேசினோம். எங்களுக்குத் தெரிந்ததோ கம், கோ, ஈட், ஸ்லீப். அதற்கு மேல் சொல் இல்லை. மூணு மாசத்தில் வீட்டில் பேச்சே குறைந்துபோச்சு. அவன் பள்ளியில் என்ன நடந்தது என்று சொல்ல அவனுக்கு ஆங்கிலம் போதவில்லை. கேட்க எங்களுக்கும் போதவில்லை. ஒரு நாள் ராத்திரி அவன் அம்மா மடியில் படுத்து, தமிழில், வகுப்பில் அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று சொல்லி அழுதான். அன்றோடு அந்த விரதத்தைக் கலைத்தேன்.

வீட்டில் நீங்கள் நிறைவாகப் பேசக்கூடிய மொழியில் பேசுங்கள். ஏன், எதனால், ஒருவேளை, ஆனாலும் என்ற சிந்தனை எல்லாம் ஒரு மொழியில் உருவாகிவிட்டால், அடுத்த மொழியில் அதற்குப் பெயர் மட்டும் கற்றால் போதும். "டாக் பாரு, கேட் பாரு" என்று குழந்தையிடம் சொல்வதால் ஆங்கிலமும் வராது, நாயும் பூனையும் போய்விடும். ஆங்கிலத்துக்கென்று தனி நேரம் வையுங்கள். ராத்திரி அரை மணி, எளிய கதைப் புத்தகம், அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து வாய்விட்டுப் படிப்பது. என் வீட்டுக்காரி அப்படிப் பையனோடு சேர்ந்துதான் கற்றார். 2001ல் இளையவனின் பள்ளிக் கூட்டத்தில் எழுந்து, எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்திலேயே கேட்டார். நான் 1987ல் கேட்காததை.

மூத்தவனுக்கு இன்று இரண்டு மொழியும் வரும். இளையவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அவன் படித்த வருஷங்களில் வியாபாரம் பெருகியிருந்தது, நான் வீட்டில் இல்லை. அந்தக் கணக்கில் பற்று என் பெயரில்.

போளூர்த் தம்பியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். நானூறு பெரிய சொல்லையும் மூட்டை கட்டி வைக்கச் சொன்னேன். எட்டு மாதமாக ‘கெட்’, ‘டேக்’, ‘புட்’ என்று சின்னச் சொற்களின் அட்டை போட்டுக்கொண்டிருக்கிறான். மூன்றாம் பெட்டி நிரம்பி நான்காவது கேட்டு வாங்கினான். போன மாதம் மறுபடி இன்டர்வியூ போனான். வேலை கிடைக்கவில்லை. ஆனால் இருபது நிமிஷம் பேசிவிட்டு வந்திருக்கிறான். ஒரு கேள்வி புரியவில்லை என்று திரும்பக் கேட்டானாம். அடுத்தது புணேயில், இம்மாதக் கடைசியில்.

வகுப்பு ஞாயிறு காலை பத்து மணிக்கு, சங்க மாடியில். கட்டணம் இல்லை; எங்கள் வழியில் இதைச் சாத்திர தானம் என்போம். தாய்மார்களும் வரலாம், இப்போது நாலு பேர் வருகிறார்கள். அட்டை நான் தருகிறேன். பேனாவும், மூன்று ஊதுபத்திப் பெட்டியும் நீங்கள் கொண்டு வாருங்கள்.